நிறுவன அஞ்சல் பெட்டிகளுக்குக் கோட்டா அமைத்தல்: புதிய மின்னஞ்சல் நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

மின்னஞ்சல் சர்வரின் பொறுப்பை முதன்முறையாக ஏற்பவர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, ஒரு பணியாளருக்கு எத்தனை ஜிபி கோட்டா, அதாவது அதிகபட்ச சேமிப்பிடம், ஒதுக்க வேண்டும் என்பதுதான். அதற்கு முன்பே விடை தேட வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: பெட்டி நிரம்பிய பிறகு வந்து சேரும் மடல் என்ன ஆகும்? அது உடனே மறுக்கப்படுமா, சில நாள் வரிசையில் காத்திருக்குமா, அனுப்பியவருக்குச் செய்தி போகுமா, பெட்டிக்கு உரியவரால் பழைய மடல்களை அழித்து இடம் உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்பவற்றையெல்லாம் தீர்மானித்துவிட்டால், ஜிபி எண்ணை எந்த நாளிலும் ஒரே வரியில் மாற்றிக்கொள்ளலாம். இவற்றைத் தீர்மானிக்காமல் எண்ணை மட்டும் நிர்ணயித்தால், முதல் பெட்டி நிரம்பும் நாளில்தான் அந்த முடிவுகளை அவசரத்தில் எடுக்க நேரிடும்.

இக்கட்டுரை லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் சேர்ந்து இயங்கும் அமைப்பை முதன்மையாகக் கொள்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் மடலை வெளியிலிருந்து வாங்குகிறது; டவ்காட் அதைப் பெட்டியில் வைத்து, பயனர் திறக்கும்போது எடுத்துக் கொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் எங்கெங்கு வேறுபடுகிறதோ அங்கங்கு அதையும் குறிப்பிடுகிறேன். டவ்காட் குறித்துச் சொல்பவை 2.3 பதிப்பு வரிசைக்கு உரியவை. 2025-இல் வெளியான 2.4 பதிப்பில் அமைப்புக் கோப்பை எழுதும் முறையே மாறிவிட்டதால், இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளை அதில் அப்படியே ஒட்டினால் சர்வர் தொடங்காது. ஆகவே உங்கள் சர்வரின் பதிப்பு எண்ணை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இருப்பதை அளத்தல்

எந்த வரம்பையும் விதிப்பதற்கு முன், இன்று ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியலை எடுங்கள். டவ்காட்டுடன் வரும் டவ்அட்ம் என்னும் நிர்வாகக் கருவி, பயனர் வாரியாகவும் ஃபோல்டர் வாரியாகவும் அளவைக் காட்டும். எக்ஸ்சேஞ்சில் கெட்-மெயில்பாக்ஸ்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற பவர்ஷெல் கட்டளை அதே வேலையைச் செய்கிறது. பட்டியலை அளவின்படி இறங்குவரிசையில் அடுக்கிப் பார்த்தால், மொத்த இடத்தின் பெரும்பகுதி சில பெட்டிகளிலேயே குவிந்திருப்பதைக் காண்பீர்கள். அந்தச் சில பெட்டிகளை மட்டும் ஃபோல்டர் வாரியாகத் திறந்து ஆராய்வது பயனுள்ளது. அனுப்பிய மடல்களுக்கான ஃபோல்டர் இன்பாக்ஸைவிடப் பெரிதாக இருப்பது வியப்பன்று. ஒரே கோப்பைத் திருத்தித் திருத்தி அனுப்புபவரின் ஒவ்வொரு திருத்தமும் முழுக் கோப்பாக அங்கே தங்கிவிடுகிறது.

அளக்கும்போது இரண்டு எண்கள் ஒத்துப்போகாமல் உங்களைக் குழப்பக்கூடும். முதலாவது, இணைப்புக் கோப்பின் அளவும் மடலின் அளவும். இணைப்புகள் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டு மடலுக்குள் வைக்கப்படுவதால், வரி முறிப்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 37 சதவீதம் வளர்கின்றன. 10 எம்பி கோப்பு ஒன்று பெட்டியில் 13.7 எம்பி அளவுக்கு இடம் பிடிக்கும். இரண்டாவது, கோட்டாக் கணக்கும் வட்டின் கணக்கும். டவ்காட்டில் மடல்களைச் சுருக்கிச் சேமிக்கும் வசதியை இயக்கியிருந்தாலும், கோட்டாவைக் கணக்கிட இப்போது பரிந்துரைக்கப்படும் கவுண்ட் என்ற முறை சுருக்கத்திற்கு முந்தைய அளவையே கோட்டாவில் சேர்க்கிறது. பயனரின் திரையில் 4 ஜிபி என்று தெரியும் பெட்டி, வட்டில் அதைவிடக் குறைவான இடத்தில் அடங்கியிருக்கலாம். இது பிழையன்று.

இரண்டாம் படி: எண்ணைத் தேர்தல்

எல்லோருக்கும் ஒரே எண் என்பது நிர்வகிக்க எளிது. ஆனால் வடிவமைப்பாளரும் கணக்காளரும் ஒரே அளவு மடலைக் கையாள்வதில்லை. இரண்டு அல்லது மூன்று பிரிவுகள் போதுமானவை. அதற்கு மேல் பிரித்தால், யாருக்கு ஏன் எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஓராண்டுக்குப் பின் எவராலும் சொல்ல முடியாது. முதல் படியில் எடுத்த பட்டியலில் பெரும்பாலானோர் இன்று பயன்படுத்துவதைப் போல இரு மடங்கைப் பொது வரம்பாக வைப்பது நியாயமான தொடக்கம் என்பது என் கருத்து.

பிறகு வட்டுடன் ஒப்பிடுங்கள். 120 பேருக்குத் தலா 5 ஜிபி என்றால் நீங்கள் வாக்களித்திருப்பது 600 ஜிபி. சர்வரில் 400 ஜிபிதான் இருக்கிறது என்றால் அது உடனே தவறாகிவிடாது, ஏனெனில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரம்பைத் தொடுவதில்லை. ஆனால் அப்போது கோட்டா வட்டைக் காப்பாற்றாது என்பதை ஏற்றுக்கொண்டு, வட்டின் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டும்போது உங்களுக்கு எச்சரிக்கை வரும் ஏற்பாட்டைத் தனியே செய்ய வேண்டும். வட்டே நிரம்பிவிட்டால் நிறுவனத்தின் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக நின்றுவிடும். பேக்கப் எடுக்க ஆகும் நேரமும், பழுதுக்குப் பின் ஒரு பெட்டியை மீட்டெடுக்க ஆகும் நேரமும் இந்த எண்ணோடு சேர்ந்தே வளர்கின்றன என்பதையும் நிதிப் பிரிவிடம் பேசும்போது சொல்லுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று படிநிலைகளை வைக்கிறது: எச்சரிக்கை, அனுப்பத் தடை, அனுப்பவும் பெறவும் தடை. சொந்தச் சர்வரில் நிறுவும் பதிப்புகளில் தரவுத்தளத்தின் இயல்பு மதிப்புகள் முறையே 1.9, 2, 2.3 ஜிபி; இன்றைய பயன்பாட்டிற்கு அவை மிகச் சிறியவை. எண்கள் எப்படியிருப்பினும் இந்த வரிசை பாராட்டத்தக்கது. பெட்டி நிரம்பியவர் முதலில் தம்மால் அனுப்ப முடியவில்லை என்று உணர்ந்து விழித்துக்கொள்கிறார். அதுவரை வெளியாரின் மடல்கள் தடையின்றி வந்துகொண்டிருக்கின்றன. தனிப்பட்ட பெட்டிக்கு வேறு எண் கொடுக்கும்போது, தரவுத்தளத்தின் இயல்பைப் பயன்படுத்து என்ற விருப்பத்தை அணைக்க வேண்டும். அணைக்காவிடில் நீங்கள் இட்ட எண் புறக்கணிக்கப்படும். மாற்றிய எண் உடனே நடைமுறைக்கு வராமல் சிறிது நேரம் எடுக்கலாம் என்பதால், பதற்றத்தில் மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டாம்.

மூன்றாம் படி: வரம்பைச் சரியான இடத்தில் விதித்தல்

புதியவர்களை மிகவும் ஏமாற்றும் பெயர் போஸ்ட்ஃபிக்ஸில் இருக்கிறது. மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட் என்ற அமைப்பைப் பார்த்ததும் அதுவே கோட்டா என்று தோன்றும். அதன் இயல்பு மதிப்பு 5,12,00,000 பைட். ஆனால் ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறையில் அந்த வரம்பு ஒரு கோப்புக்கு, அதாவது ஒரு மடலுக்கு மட்டுமே பொருந்துகிறது. பெட்டியின் மொத்த அளவை அது கண்டுகொள்வதே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் மடலை எல்எம்டிபி என்ற ஒப்படைப்பு நெறிமுறை வழியாக டவ்காட்டிடம் ஒப்படைக்கும் அமைப்பில் அதற்கு வேலையே கிடையாது. மெசேஜ் சைஸ் லிமிட் என்பது வேறு: ஒரு மடல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அது சொல்கிறது, இயல்பு மதிப்பு 1,02,40,000 பைட். பேஸ்64 வளர்ச்சியைக் கழித்தால் ஏறத்தாழ 7 எம்பி இணைப்பு மட்டுமே அதில் அடங்கும். இதை உயர்த்துபவர்கள் மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட்டைத் தாண்டி உயர்த்திவிட்டால், சர்வரிலேயே உள்ள கணக்குகளுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் மடல் சேர்க்க மறுக்கும்.

உண்மையான கோட்டா டவ்காட்டில்தான் இடப்படுகிறது. கோட்டா என்ற செருகுநிரலை எல்லாச் சேவைகளுக்கும் இயக்கி, பயனரின் செயலி பெட்டியைத் திறக்க உதவும் ஐமேப் சேவைக்கு மட்டும் ஐமேப் கோட்டா என்ற செருகுநிரலையும் கூடுதலாக இயக்குங்கள். இரண்டாவதை விட்டுவிட்டாலும் வரம்பு வேலை செய்யும். ஆனால் ரவுண்ட்க்யூப் போன்ற வெப்மெயில்களிலும் தண்டர்பேர்டிலும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு பயனருக்குத் தெரியாது. இந்த எண்ணைச் சர்வரிடம் கேட்டறியும் ஐமேப் விரிவாக்கம் 1997-இல் ஆர்எஃப்சி 2087 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்து, 2022-இல் ஆர்எஃப்சி 9208 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. பெரும்பாலான செயலிகளுக்கு அது தெரியும். பொது வரம்பை அமைப்புக் கோப்பிலும், விலக்குப் பெற்றவர்களின் வரம்பைப் பயனர் தரவுத்தளத்திலும் வைத்தால், ஒருவரின் எண்ணை மாற்றுவதற்காகச் சர்வரைத் தொட வேண்டியிராது.

லினக்ஸ் கோப்பு முறைமையின் கோட்டாவைக் கொண்டே இதைச் செய்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தவிர்ப்பது நல்லது. அந்த வரம்பு மடலையும் மடல்களின் பட்டியலை வைத்திருக்கும் டவ்காட்டின் குறியீட்டுக் கோப்புகளையும் வேறுபடுத்தாது. வரம்பை எட்டியதும் குறியீட்டுக் கோப்பைக்கூட எழுத முடியாமல் போவதால், பெட்டியைத் திறந்து எதையாவது அழிப்பதற்கே தடை ஏற்படுகிறது.

நான்காம் படி: நிரம்பிய பெட்டிக்கு வரும் மடலை எங்கே மறுப்பது

இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். செருகுநிரலை இயக்கியதோடு நிறுத்திவிட்டால் நடப்பது இதுதான்: போஸ்ட்ஃபிக்ஸ் வெளியிலிருந்து மடலை முழுவதுமாக வாங்கி, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறது, பிறகு டவ்காட்டிடம் கொடுக்கும்போது, இடமில்லை என்ற மறுப்பு வருகிறது. ஏற்றுக்கொண்டுவிட்ட மடலுக்கு இப்போது போஸ்ட்ஃபிக்ஸே பொறுப்பு. ஆகவே அது மடலில் உள்ள அனுப்புநர் முகவரிக்கு, சேர்க்க முடியவில்லை என்று ஓர் அறிவிப்பு அனுப்புகிறது. வந்தது ஸ்பேம் என்றால் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. எதுவும் அறியாத மூன்றாம் மனிதர் ஒருவருக்கு உங்கள் சர்வரிலிருந்து அறிவிப்புகள் குவியும். அது தொடர்ந்தால், உங்கள் சர்வர் தடைப்பட்டியலில் சேரும் அபாயமும் உண்டு.

சரியான இடம் வாசல். அனுப்பும் சர்வர் பெறுநரின் முகவரியைச் சொல்லும் கட்டத்திலேயே, பெட்டி நிரம்பியிருக்கிறது என்று மறுத்துவிட்டால், மடலுக்கான பொறுப்பு அனுப்பும் சர்வரிடமே நின்றுவிடுகிறது. உண்மையான அனுப்புநருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லும். டவ்காட்டில் இதற்கென்றே கோட்டா ஸ்டேட்டஸ் என்ற சேவை இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் பெறுநர் கட்டுப்பாடுகளில் அதைக் கொள்கைச் சேவையாக, அதாவது ஏற்பதா மறுப்பதா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டறியும் வெளிச் சேவையாக, இணைத்தால், நிரம்பிய பெட்டிக்கு 552 5.2.2 என்ற குறியீட்டோடு மறுப்பு போகும். ஒரே மடல் ஐந்து பணியாளர்களுக்கு வந்து, ஒருவரின் பெட்டி மட்டும் நிரம்பியிருந்தால், அவருக்கு மட்டும் மறுத்து மற்ற நால்வருக்கும் ஏற்றுக்கொள்ள இந்தக் கட்டத்தில்தான் முடியும்.

இணைக்கும் வரிசையில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டுப்பாடுகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றன. அனுமதி என்ற விடை கிடைத்தவுடன் அந்தப் பட்டியலின் மீதி படிக்கப்படாது. உள்வலையிலிருந்து வருபவர்களையும் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர்களையும் அனுமதிக்கும் வரிகள் பொதுவாகப் பட்டியலின் மேலே இருக்கும். அவற்றுக்குக் கீழே கோட்டாச் சோதனையை வைத்தால், வெளியாருக்கு மட்டும் சோதனை நடக்கும். உங்கள் பணியாளர் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்புவது சோதிக்கப்படாமல் உள்ளே வந்து, பின்னர் அறிவிப்பாகத் திரும்பும். அனுப்புநர் போலியல்ல என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. சோதனையை அனுமதி வரிகளுக்கு மேலே வைத்தால் உள்மடல்களும் சோதிக்கப்படும்.

நிரந்தர மறுப்பா, தற்காலிக மறுப்பா என்பது அடுத்த முடிவு. 5 எனத் தொடங்கும் குறியீடு, மீண்டும் முயல வேண்டாம் என்கிறது. 4 எனத் தொடங்கும் குறியீடு, பிறகு வா என்கிறது. டவ்காட்டின் எல்எம்டிபி சேவையில் கோட்டா ஃபுல் டெம்ப்ஃபெயில் என்ற அமைப்பு, மறுப்பைத் தற்காலிகமாக மாற்றுகிறது. கேட்பதற்குத் தற்காலிகம் கனிவானதாகத் தோன்றும். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் ஒரு மடல் 5 நாள் வரை வரிசையில் காத்திருக்கும். தாமதம் பற்றிய அறிவிப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. தம்முடைய மடல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பியபடியே அனுப்பியவர் அந்த 5 நாளையும் கழிப்பார். நிரந்தர மறுப்பு கடுமையாக இருந்தாலும் உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அவர் தொலைபேசியில் அழைக்கலாம், வேறு முகவரிக்கு அனுப்பலாம். அதற்கும் ஒரு விலை உண்டு: குழும மடல்களை அனுப்பும் அமைப்புகள், நிரந்தர மறுப்பு தொடர்ந்தால் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். தனிப்பட்ட பணியாளரின் பெட்டிக்கு நான் நிரந்தர மறுப்பையே தேர்ந்தெடுப்பேன். வாடிக்கையாளர் புகார்களும் கொள்முதல் ஆணைகளும் வந்து சேரும் பொதுப் பெட்டிகளுக்கு இரண்டுமே பொருந்தாது. அவற்றுக்கு மிகப் பெரிய வரம்பு கொடுத்து, பாதி நிரம்பும்போதே உங்களுக்கு எச்சரிக்கை வரும்படி செய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: அழிப்பதற்கே இடம் விடுதல்

பெட்டி நிரம்பிவிட்டது, பழைய மடல்களை அழியுங்கள் என்று பயனரிடம் சொல்கிறீர்கள்; அழிக்க முடியவில்லை என்று அவர் பதில் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். பல ஐமேப் செயலிகளில் அழித்தல் என்பது முதலில் மடலைக் குப்பைத்தொட்டி ஃபோல்டருக்கு நகலெடுத்து, பிறகு மூலத்தை நீக்குவது. வரம்பைத் தொட்டுவிட்ட பெட்டியில் நகலுக்கு இடமில்லாததால் முதல் பாதியே தோற்றுவிடுகிறது. 2013-இல் தரமாக்கப்பட்ட நேரடி நகர்த்தல் கட்டளை இந்தச் சிக்கலைக் குறைக்கிறது என்றாலும், உங்கள் பணியாளர்கள் வைத்திருக்கும் எல்லாச் செயலிகளும் அதைப் பயன்படுத்தும் என்று எண்ணிவிட வேண்டாம்.

டவ்காட்டில் இதற்கு எளிய தீர்வு உண்டு. குப்பைத்தொட்டி ஃபோல்டருக்கு மட்டும் பொது வரம்புக்கு மேல் 100 எம்பி கூடுதல் என்று இரண்டாவது விதியாக எழுதலாம். விதியில் எழுதும் பெயர் சர்வரில் உள்ள ஃபோல்டரின் உண்மைப் பெயராக இருக்க வேண்டும்; ஒரு செயலி டிராஷ் என்றும் மற்றொன்று டெலிட்டட் ஐட்டம்ஸ் என்றும் தனித்தனி ஃபோல்டர் உருவாக்கியிருந்தால் இரண்டுக்கும் விதி தேவை. குப்பைத்தொட்டிக்கும் ஸ்பேம் ஃபோல்டருக்கும் தானாக அழியும் காலத்தையும் அந்த ஃபோல்டர்களுக்கான அமைப்பில் குறிப்பிடலாம். 30 நாள் பொதுவாகப் போதும். அதை இயக்குவதற்கு முன் பணியாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள்: குப்பைத்தொட்டியைக் கோப்பு அலமாரியாகப் பயன்படுத்துபவர் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒருவராவது இருப்பார்.

மற்றொரு குழப்பமும் இதே வேளையில் தோன்றும். டவ்காட் அமைப்பில் கோட்டா நிரம்புவது அனுப்புவதைத் தடுக்காது. மடல் வெளியே போய்விடுகிறது. ஆனால் அதன் நகலை அனுப்பிய மடல்களுக்கான ஃபோல்டரில் சேமிக்கும்போது செயலி பிழை காட்டுகிறது. மடலே போகவில்லை என்று எண்ணிப் பயனர் மறுபடி அனுப்ப, பெறுநருக்கு ஒரே மடல் பலமுறை சேர்கிறது. உதவி கேட்டு வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, இனி அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டாம் என்பதையே.

ஆறாம் படி: எச்சரிக்கை மடல்கள்

80 சதவீதத்திலும் 95 சதவீதத்திலும் பயனருக்கு எச்சரிக்கை அனுப்பும்படி டவ்காட்டில் அமைக்கலாம். இரண்டு நுணுக்கங்களைக் கவனியுங்கள். தாண்டப்பட்ட வரம்புகளில் பட்டியலில் முதலில் வருவது மட்டுமே செயல்படும் என்பதால், பெரிய சதவீதத்தை முதலிலும் சிறியதைப் பின்னரும் எழுத வேண்டும். எச்சரிக்கையைப் பெட்டியில் சேர்க்கும் ஸ்கிரிப்ட், கோட்டாவை அமல்படுத்தாத வகையில் மடலைச் சேர்க்க வேண்டும். இல்லாவிடில், பெட்டி நிரம்பப்போகிறது என்று சொல்ல வந்த மடலே இடமில்லை என்று திரும்பிவிடும்.

எச்சரிக்கையில் வெறும் சதவீதம் இருந்தால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. எந்த நிலையை எட்டினால் வெளி மடல்கள் மறுக்கப்படும், முதலில் எந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும், அளவின்படி எப்படி வரிசைப்படுத்துவது, யாரை அணுகுவது என்பவற்றை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். நிர்வாகிக்கும் ஒரு நகல் வரட்டும்.

ஏழாம் படி: சோதனை

சோதனைக்கென ஒரு கணக்கை உருவாக்கி, 5 எம்பி கோட்டா மட்டும் கொடுங்கள். வெளிக் கணக்கு ஒன்றிலிருந்து இணைப்புகளுடன் மடல் அனுப்பி, எச்சரிக்கை வருகிறதா, நிரம்பியதும் மறுப்பு வாசலிலேயே நிகழ்கிறதா, மறுப்பின் சொற்கள் அனுப்பியவருக்குப் புரியும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவேட்டில் மறுப்பு முகவரிக் கட்டத்தில் வந்திருக்கிறதா, மடல் ஏற்கப்பட்டு வரிசைக்குள் போன பிறகு வந்திருக்கிறதா என்பதே முக்கியமான தடயம். டவ்காட் 2.3 கடைசி மடலுக்கு 10 சதவீதம் சலுகை அளிப்பதால், வரம்பைச் சற்றுத் தாண்டியும் ஒரு மடல் உள்ளே வரலாம். உள்கணக்கிலிருந்து அனுப்பியும் சோதியுங்கள். பிறகு, நிறுவனத்தில் பயன்படும் ஒவ்வொரு செயலியிலும் அந்த நிரம்பிய பெட்டியைத் திறந்து ஒரு மடலையாவது அழித்துப் பாருங்கள்.

பெட்டி நிரம்பிவிட்டது என்ற அழைப்பு வரும்போது

கோட்டாவைத் தற்காலிகமாகச் சிறிது உயர்த்தி மடல்கள் வர வழிசெய்துவிட்டு, பின்னர் காரணத்தைத் தேடுங்கள். மறுக்கப்படும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் நிறுவனம் விலை கொடுக்கிறது. உயர்த்தியதைத் திரும்ப இறக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளாவிட்டால் அது நிரந்தரமாகிவிடும். மடல்களை அழித்த பிறகும் அளவு குறையவில்லை என்று பயனர் சொன்னால், மூன்று காரணங்கள் இருக்கலாம்: அழித்தவை குப்பைத்தொட்டியில் இருக்கின்றன, அழிக்கக் குறியிடப்பட்டு இன்னும் நீக்கப்படாமல் இருக்கின்றன, கணக்கு பிசகியிருக்கிறது. கடைசியானது, யாராவது சர்வரில் நேரடியாகக் கோப்புகளை நீக்கியிருந்தால் நேர்வது. டவ்அட்ம் கருவியின் மறுகணக்கீட்டுக் கட்டளை அதைச் சரிசெய்யும்.

கோட்டா குறைந்தும் வட்டு குறையாமல் இருப்பது வேறு கதை. டவ்காட்டின் எம்டிபாக்ஸ் வடிவத்தில் பல மடல்கள் ஒரே கோப்பில் இருப்பதால், பர்ஜ் கட்டளையை இயக்கும் வரை இடம் விடுபடாது. அதை இரவு வேளையில் தானாக இயங்க வைப்பது வழக்கம். எக்ஸ்சேஞ்சில் அழிக்கப்பட்டவை இயல்பாக 14 நாள் மீட்டெடுக்கக்கூடிய பகுதியில் தங்குகின்றன. அந்தப் பகுதிக்குத் தனிக் கோட்டா உண்டு. பயனரின் கோட்டாவில் அது சேராது. அக்காலம் முடிந்த பிறகும் தரவுத்தளக் கோப்பு சுருங்குவதில்லை. காலியான பகுதி புதிய மடல்களுக்குப் பயன்படுமே தவிர வட்டுக்குத் திரும்பாது. உண்மையாகவே இடம் மீள வேண்டுமென்றால், பெட்டிகளைப் புதிய தரவுத்தளத்திற்கு நகர்த்திவிட்டுப் பழையதை நீக்குவது நடைமுறையில் எளிய வழி.

சில பெட்டிகள் அளவால் அன்றி எண்ணிக்கையால் தொல்லை தரும். நிமிடத்திற்கு ஒன்று என எச்சரிக்கை அனுப்பும் கண்காணிப்பு அமைப்பு ஒன்று ஆண்டுக்கு 5,25,600 மடல்களைச் சேர்க்கும். ஒவ்வொன்றும் சிறியது என்பதால் ஜிபி வரம்பை அது எளிதில் எட்டாது, ஆனால் அந்த ஃபோல்டரைத் திறப்பதும் பேக்கப் எடுப்பதும் மிக மெதுவாகும். டவ்காட்டின் விதியில் மடல் எண்ணிக்கைக்கும் வரம்பு இடலாம். அதைவிட, அனுப்பும் அமைப்பைத் திருத்துவதே மேல்.

பணியிலிருந்து விலகியவர்களின் பெட்டிகளையும் மாதம் ஒருமுறை பட்டியலில் பாருங்கள். அவற்றுக்கும் மடல் வந்துகொண்டே இருக்கும். யாரும் திறக்காததால் எச்சரிக்கையையும் யாரும் படிப்பதில்லை. முகவரியைப் பொறுப்பேற்றவருக்குத் திருப்பிவிட்டு, பெட்டியை வேறிடத்தில் காப்பகப்படுத்துங்கள். வழக்கு அல்லது தணிக்கை காரணமாகப் பாதுகாக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை என்று சட்டப் பிரிவு எழுத்து மூலம் உறுதி செய்த பின்னரே சர்வரிலிருந்து நீக்குங்கள்.